எண் போடாத சொம்பு

கூரியர்க்காரன் வாசலில் நின்று ஹார்ன் அடித்தபோது கார்த்திகேசு கழிப்பறையில் இருந்தார். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பதின்மூன்று வருஷமாக அவருடைய வாழ்க்கையின் முக்கியமான காரியங்கள் எல்லாம் அவர் கழிப்பறையில் இருக்கும்போதுதான் நடந்துவருகின்றன. கதவைத் திறந்து கால்சட்டையைச் சரிசெய்துகொண்டு வெளியே வருவதற்குள், அவன் பெட்டியைக் கேட்டுக்கு மேலாகத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, கையெழுத்தையும் தானே போட்டுக்கொண்டு, ஈஜோக் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லோரிகளுக்கு நடுவே மறைந்துவிட்டிருந்தான்.

பெட்டி அமெரிக்காவிலிருந்து வந்திருந்தது. உள்ளே ஒன்பது பலகைகள். கறுத்த மரம், அதன்மேல் பித்தளைத் தகடு, தகட்டில் எறும்பு வரிசை போல ஆங்கிலம். ஒவ்வொன்றிலும் ஒரு வரி மட்டும் எறும்பாக இல்லாமல் பெரிதாக இருந்தது. அந்த வரியை அவரால் படிக்க முடிந்தது. தோட்டத்தில் முப்பது வருஷம் சம்பள நாளன்று கணக்குப் பார்க்கும் கிராணியின் மேஜையில் குனிந்து அவர் எழுதிய அதே எழுத்துகள்தான். எல். கார்த்திகேசு. ஒன்பது முறை. பெட்டியின் அடியில் மருமகள் தனேஸ்வரி எழுதிய ஒரு துண்டுக் காகிதமும் இருந்தது. ‘மாமா, இதெல்லாம் அவர் கண்டுபிடித்ததற்குக் கிடைத்தவை. ஆபீஸ் அறையில் மாட்டி வைத்திருந்தார். இனி உங்களிடம் இருப்பதுதான் சரி.’

அவர் மகன் லிங்கேஸ்வரன் இறந்து அப்போது பதினோரு மாதம் ஆகியிருந்தது.

காகிதத்தை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருக்கும்போது கேட்டுக்கு வெளியே சேதுவின் மோட்டார் சைக்கிள் இருமி நின்றது. சேது கோயில் நிர்வாகத்தின் செயலாளர். கிராணியின் மகன், ஆகவே ஆங்கிலம் தெரிந்தவர், ஆகவே செயலாளர். கார்த்திகேசு காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. வருகிற கடிதங்களையெல்லாம் அப்படித்தான் மடித்து வைப்பார் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் அவருக்குக் கடிதங்கள் வருவதில்லை.

“என்னாண்ணே இது, கடை தெறக்கப் போறீங்களா?” என்று கேட்டுக்கொண்டே வந்த சேது, ஒரு பலகையை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். உதடுகள் அசைந்தன. பிறகு அசைவதை நிறுத்தின. “அண்ணே, உங்க பேரு!”

“ம்.”

“எல். கார்த்திகேசு. உங்க அப்பா பேரு லெட்சுமணன் தானே? பாருங்க, இனிஷியல்கூட கரெக்டா போட்டிருக்கான். இது பேட்டண்ட்டுண்ணே! இந்தச் சாமான இவரு ஒருத்தருதான் கண்டுபிடிச்சாரு, வேற எவனும் கைவைக்கக்கூடாதுன்னு கவர்மெண்ட்டு எழுதிக் குடுக்கறது. என்னான்னு போட்டிருக்கு... உடம்புக்குள்ள பொருத்தற... கரண்டு... அடேங்கப்பா. உடம்புக்குள்ள வைக்கற கரண்டு மிசினுண்ணே! இருதயத்துக்கு வைப்பாங்களே, அது!”

நம்மூர் வழக்கப்படி பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து அப்பா. கார்த்திகேசுவின் அப்பா லெட்சுமணன். ஆகவே எல். கார்த்திகேசு என்றால் அது இவர்தான், அதில் யாரும் வழக்குப் போட முடியாது. அமெரிக்காவில் வழக்கம் வேறு. அங்கே முன்னால் நிற்கும் எழுத்துதான் ஆள், கடைசியில் வருவது குடும்பம். கார்த்திகேசுவின் மகன் லிங்கேஸ்வரன் என்று மலேசியப் பாஸ்போர்ட்டில் மலாயில் நீட்டி எழுதியிருந்ததை அவர்கள் வாங்கிப் பார்த்து, மகன் என்ற சொல்லை உதறிவிட்டு, லிங்கேஸ்வரனை ஒற்றை எழுத்தாக நறுக்கி, அப்பாவின் பெயரை முழுசாக விட்டுவிட்டார்கள். இவ்வளவையும் கார்த்திகேசுவால் சொல்லியிருக்க முடியும். மகனின் கல்யாணப் பத்திரிகைக்கு அமெரிக்கக் கம்பெனி அனுப்பிய வாழ்த்து அட்டையிலேயே அவன் பெயர் மிஸ்டர் கார்த்திகேசு என்றுதான் இருந்தது. அன்றைக்கு வீடே சிரித்தது.

“சேது, இது வந்து...” என்று ஆரம்பித்தார்.

“புரியுதுண்ணே. எல்லாம் புரியுது. லிங்கா அந்தக் கம்பெனியில இருந்தாப்ல. ஐடியா உங்களுது. தோட்டத்து இஞ்சின் ரூம்ல நீங்க செய்யாத வேலையா? செத்துப்போன ஜெனரேட்டர கொண்டை ஊசிய வச்சு ஓட்டுன ஆளு. நீங்க சொன்னத அவன் அங்க கொண்டுபோயி, தன் பேருல போட்டுக்காம அப்பா பேருல போட்டிருக்கான். இந்தக் காலத்துல எந்தப் புள்ளைண்ணே செய்யும்? எம்மவன் எம்பேருல வாங்கி வச்சதெல்லாம் போலீஸ் சம்மன்தான்.”

கார்த்திகேசு வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அடிவயிற்றில் யாரோ கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். அந்தக் கயிறு இழுபட்டால் முப்பது எண்ணுவதற்குள் போய்விட வேண்டும். “இருங்க, வந்துர்றேன்” என்று உள்ளே ஓடினார். திரும்பி வந்தபோது சேது ஒன்பது பலகைகளையும் சோபாவில் வரிசையாகச் சாத்திப் படமெடுத்து, கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டிருந்தார். நூற்றெண்பத்து நான்கு பேர் உள்ள குழு. அதில் அறுபது பேர் கைகூப்பியிருந்தார்கள்.

அன்று ஆரம்பித்ததுதான். எட்டு நாளுக்குள் ஈஜோக்கில் அவர் விஞ்ஞானி ஆகிவிட்டார். தோட்டம் வீட்டு மனைத் தாமானாகி, ஆட்கள் குடியிருந்த லயம் இடிந்து, இஞ்சின் ரூம் இருந்த இடத்தில் கார் கழுவும் கடை வந்த பிறகு, ‘இஞ்சின் கார்த்திகேசு’ என்று அவரைக் கூப்பிட ஆளில்லாமல் போயிருந்தது. இப்போது பக்கத்துத் தெரு ஜீவன் வேலை செய்யாத கரண்டுச் சோற்றுப்பானையைத் தூக்கிக்கொண்டு வந்து, “விஞ்ஞானி ஐயா, ஒரு பார்வை பாருங்க” என்றான். நெஞ்சு படபடக்கிற ஒரு அம்மா வந்து, மிசினை எந்தப் பக்கம் வைத்தால் நல்லது, இடதா வலதா என்று கேட்டாள். இடது என்று சொல்லி அனுப்பினார். கோயில் நிர்வாகம் கூடி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மண்டபத்தில் பாராட்டு விழா, சட்டமன்ற உறுப்பினர் வருவார், பொன்னாடை போர்த்துவார், விஞ்ஞானி ஏற்புரை ஆற்றுவார் என்று தீர்மானம் போட்டது. அச்சுக்கடைக்காரன் பேனரில் அவர் முகத்துக்குப் பக்கத்தில், செவ்வாழைப் பழம் அளவுக்கு நரம்பு புடைத்த ஓர் இருதயத்தைச் சேர்த்திருந்தான்.

“சாயந்தரம் எல்லாரையும் கம்போங் குவாந்தானுக்குக் கூட்டிட்டுப் போறோம்ண்ணே. மின்மினி பாக்க. படகுல முக்கா மணி நேரம்தான்” என்றார் சேது.

முக்கால் மணி நேரம். கார்த்திகேசு உலகத்தை அளப்பது கிலோமீட்டரில் அல்ல. ஈஜோக்கிலிருந்து கோலசிலாங்கூர் வரைக்கும் எண்ணெய் நிலையம் இரண்டு, மாமாக் சாப்பாட்டுக் கடை மூன்று, பள்ளிவாசல் ஒன்று. ஐந்தில் கழிப்பறைக் கதவு பூட்டும், ஒன்றில் பூட்டாது. ரவாங் பக்கம் போனால் இன்னும் மோசம். ராசா ஊரில் அண்ணன் மகள் பூப்பு விசேஷத்துக்குப் போகவில்லை. மச்சான் செத்ததற்குப் போய்ப் பத்து நிமிஷத்தில் திரும்பினார். பாசமில்லாத மனுஷன் என்று பேர். கறுப்புக் கால்சட்டை தவிர வேறு உடுத்துவதில்லை, கர்வம் என்று பேர். சாயந்தரம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை, அதற்கு மட்டும் விரதம் என்று நல்ல பேர். எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை. மனைவி நல்லம்மாளிடம்கூடச் சொன்னதில்லை. ஆனால் துணி துவைக்கிறவளிடம் எதை மறைக்க முடியும்? அவள் ஒன்றும் கேட்காமல் துவைத்து, ஒன்றும் கேட்காமலேயே ஒன்பது வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள்.

மகன் கல்யாணம் அதற்கும் மூன்று வருஷம் முந்தி. கோலசிலாங்கூர் மண்டபத்தில் அறுநூறு பேர். அப்போது இந்தத் தொல்லை ஆரம்பித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, எப்போது வரும் என்று பிடிபடாத காலம். ஐயர் மந்திரத்தை இழுத்தார். வீடியோக்காரன் எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்யச் சொன்னான். பிறகு பாதபூஜை. கார்த்திகேசுவும் நல்லம்மாளும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, தாம்பாளத்தில் வைத்த அவர் கால்களைக் கழுவுவதற்காக லிங்கேஸ்வரன் பித்தளைச் சொம்போடு முன்னால் மண்டியிட்டான். கயிறு இழுபட்டது அப்போதுதான். முப்பது எண்ணினார். நாற்பது எண்ணினார். மகன் நிமிர்ந்து பார்த்தபோது அவன் கண்ணுக்கு நேரே அப்பாவின் பட்டு வேட்டி இருந்தது. அதில் ஓர் ஈரம் வெற்றிலை அளவுக்கு வந்து, வாழையிலை அளவுக்கு விரியப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு நொடிதான். சொம்பு அவன் கையிலிருந்து நழுவியது. தண்ணீர் முழுசும் அப்பாவின் மடியில். அறுநூறு பேரும் ‘ஐயோ’ என்றார்கள். கார்த்திகேசு எழுந்து மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த மகனைக் கன்னத்தில் அறைந்தார்.

தலைப்பாகை பறந்துபோய்ப் பெண்வீட்டார் பக்கம் விழுந்தது. கல்யாண டிவிடியில் அந்த இடத்தை வெட்டிவிட்டு, இரண்டு ரோஜாக்கள் ஒன்றோடொன்று உரசுவது போலப் போட்டிருந்தான் வீடியோக்காரன். அப்பனுக்குக் கோபம் அதிகம், மாப்பிள்ளைக்குக் கை நடுக்கம் என்று ஊர் இரண்டு விதமாகவும் பேசியது. கை நடுங்கவில்லை என்று இரண்டே பேருக்குத்தான் தெரியும். அந்த இரண்டு பேரும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை. மகன் பதினைந்தாம் நாள் விமானம் ஏறினான். நல்லம்மாளின் சாவுக்கு வந்து, பாடையின் அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவர் என்று தூக்கினார்கள். பதினோரு மாதத்துக்கு முன்னால் பனியில் கார் சறுக்கி அவன் போனபோது, மகள் பிரேமலா செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்து, அங்கே நடந்த காரியங்களை அவருக்குக் காட்டினாள். மூன்று முறை எழுந்து போனார். மூன்றாவது முறை திரும்பி வந்தபோது பெட்டியை மூடிவிட்டிருந்தார்கள்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, பிரேமலா லீவு போட்டுவிட்டு ரவாங்கிலிருந்து வந்தாள். அங்கே கையுறைத் தொழிற்சாலையின் ஆபீசில் அவளுக்கு வேலை. காரை நிறுத்தியதும் கைப்பையைக்கூட வைக்கவில்லை.

“ப்பா, அந்த வாட்ஸ்அப்ல வந்தத நான் ஜோக்குன்னு நெனச்சேன். ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா பேனர் அடிச்சிருக்காங்க. அது அண்ணனோடதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்புறம்?”

“சேது சொல்லிட்டான்.”

“சேது மாமா சொன்னா? நாளைக்கு அவரு உங்கள மந்திரின்னு சொன்னா காருக்குக் கொடி கட்டிப்பீங்களா?” பிரேமலா கைப்பையை நாற்காலியில் போட்டாள். “உயிரோட இருக்கறப்பத்தான் அண்ணன்கிட்ட பேசல. செத்ததுக்கப்புறம் அவன் பேரையும் எடுத்துக்கணுமா? ஞாயித்துக்கெழம நீங்க சொல்லலன்னா நான் எழுந்து சொல்லுவேன் ப்பா. சத்தியமா சொல்லுவேன்.”

கார்த்திகேசு நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் சேது சிவப்பு மையால் வட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தார். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அவரும் எட்டு நாளாக நினைத்துக்கொண்டுதான் இருந்தார். ‘இது என் மகன் செஞ்சது.’ நாலே வார்த்தை. குளிக்கும்போது சொல்லிப் பார்த்தால் சரளமாக வந்தது. சோற்றுப்பானையோடு ஆள் வந்து ‘ஐயா’ என்றால் வரவில்லை.

“அது என்னா மிசினுன்னாச்சும் தெரியுமா?” என்றாள் பிரேமலா.

“இருதயத்துக்கு.”

“யாரு சொன்னா?”

“சேது.”

அவள் ஒரு பலகையிலிருந்த எண்ணைச் செல்போனில் தட்டினாள். அந்தப் பத்திரம் முழுசும் அமெரிக்க அரசாங்கத்தின் இணையப் பக்கத்தில் கிடந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், இத்தனை வருஷத்தில் இந்த வீட்டிலிருந்து யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். பாதிக்கு மேல் வயர், பேட்டரி, துடிப்பு, நொடிக்கு எத்தனை துடிப்பு என்றிருந்தது. இஞ்சின் ரூம்காரருக்கு அது ஓரளவு புரிந்தது. விட்டுவிட்டுக் கொடுக்கிற கரண்டு. சின்ன வயதில் மின்மினிப் படகில் உட்கார்ந்து, ஒரு மரம் முழுக்க ஒன்றுபோல விட்டுவிட்டு எரிவதை லிங்கேஸ்வரன் விரல்விட்டு எண்ணியது ஞாபகம் வந்தது.

“முதுகெலும்புக்கு அடியில, நரம்புகிட்ட வைக்கறது ப்பா இது. அங்கருந்து கரண்டு குடுத்து...” பிரேமலா நிறுத்தினாள். “இருதயம் இல்ல. மூத்திரப்பைக்கு. அடக்க முடியாதவங்களுக்கு.”

வெளியே ஒரு லோரி போனது. அது போய் முடியும் வரைக்கும் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“படி” என்றார்.

“‘இந்த வகை பேஷண்ட்டு பொதுவா டாக்டர்கிட்ட சொல்ல மாட்டாரு. குடும்பத்துகிட்டயும் சொல்ல மாட்டாரு. தண்ணி குடிக்கறத கொறச்சுக்குவாரு. கழிப்பறை எங்க இருக்குன்னு தெரியாத எடத்துக்குப் போக மாட்டாரு. ஈரம் தெரியாத மாதிரி கறுப்புத் துணிதான் உடுத்துவாரு. இதனால அவர மத்தவங்க தப்பா நெனைக்கலாம்...’” சொல்லிக்கொண்டே வந்தவளின் கண் ஜன்னலுக்கு வெளியே போனது. கொடியில் நான்கு கறுப்புக் கால்சட்டைகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. குரல் இறங்கிவிட்டது. “‘சில சடங்குகள்ல எழுந்திருக்க முடியாம ரொம்ப நேரம் உட்கார வேண்டி வரும். அப்ப, கைக்குள்ள மறைச்சு வச்சிருக்கற இந்தச் சின்ன சுவிட்ச பேஷண்ட்டே அமுக்கிக்கலாம். பக்கத்துல இருக்கறவங்க உதவி தேவைப்படாது.’”

“பக்கத்துல இருக்கறவங்க உதவி” என்றார் கார்த்திகேசு. கேள்வியாகவும் இல்லை, பதிலாகவும் இல்லை.

“படம் இருக்கு ப்பா.”

கோட்டுப் படம். ஏழாவது படம் என்று கீழே போட்டிருந்தது. ஓர் ஆள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் வெறும் முட்டை. பேட்டண்ட் படங்களில் எந்தப் பொருளுக்கும் ஓர் எண் உண்டு, எண் இல்லாமல் ஒரு கோடுகூட இருக்கக்கூடாது என்பது சட்டமாம். ஆளுக்கு எண் பத்து. முதுகுக்குக் கீழே இருக்கும் கருவிக்குப் பன்னிரண்டு. கையிலிருக்கும் சுவிட்சுக்குப் பதினாறு. இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் மடிப்பு மடிப்பாகத் தொங்கிய துணிக்கு இருபது. இரண்டு காலும் ஒரு வட்டத்துக்குள் இருந்தன. வட்டத்துக்குப் பக்கத்தில் கழுத்து குறுகி, வயிறு உருண்டு, வாய் விரிந்த ஒரு பாத்திரம்.

“இது என்னா, சொம்பு மாதிரி இருக்கு? இதுக்கு மட்டும் நம்பர் போடல” என்றாள் பிரேமலா.

அமெரிக்க அதிகாரி அதை எப்படிக் கவனிக்காமல் விட்டார் என்று தெரியவில்லை. ஏதோ பூச்சட்டி என்று நினைத்திருக்கலாம். கார்த்திகேசு அந்தச் சொம்பைத் தொட்டுப் பார்க்க விரலை வைத்தார். படம் நழுவித் திரைக்கு வெளியே ஓடிவிட்டது. பிரேமலா அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வைத்தாள். மறுபடியும் தொட்டார், மறுபடியும் ஓடியது. மூன்றாவது முறை அவள் படத்தைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பறந்துபோன தலைப்பாகை எதனால் பறந்தது என்று அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

“அன்னிக்கு அண்ணன் வேணும்னேதான்...” என்று ஆரம்பித்து, “டீ போடறேன்” என்று முடித்து, உள்ளே போய்விட்டாள். அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்த்திகேசு அறையிலிருந்து வேட்டி கட்டிக்கொண்டு வெளியே வந்தார். சந்தன நிறப் பட்டு வேட்டி. நல்லம்மாள் அலசி மடித்து அலமாரியின் அடியில் வைத்தது, கல்யாணத்தன்றைக்குப் பிறகு வெளிச்சத்தைப் பார்க்காதது. மடித்த இடமெல்லாம் பழுப்புக் கோடு விழுந்திருந்தது.

“ப்பா, பேண்ட் போட்டுக்கோங்க. விழா நீளமா போகும்.”

“வேணாம்.”

“ப்பா...”

“வேணாம் பிரேமா.” தனேஸ்வரியின் துண்டுக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காரில் ஏறும்போது அவள் ஒரு பெரிய தண்ணீர் போத்தலை எடுத்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டதை அவர் பார்த்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. நன்கொடையாளர் பட்டியலுக்குக் கீழே ஒன்பது பலகைகளும் ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தன. மேடையில் உட்கார்ந்தால் மூழ்கிப்போகிற மாதிரி சோபா. எதிரே குட்டி மேஜை, அதில் டிஷ்யூவால் மூடிய கண்ணாடித் தம்ளரில் தண்ணீர். முதுகுக்குப் பின்னால் பேனரில் இருதயம். கார்த்திகேசு மேடையேறும்போதே பார்த்துக்கொண்டார். கழிப்பறை சமையற்கட்டுக்குப் பின்னால். மேடையிலிருந்து அறுபது அடி. கதவில் பூட்டு.

பத்து மணி விழா பத்தரைக்கும் தொடங்கவில்லை. ஒய்.பி. என்று ஊர் அழைக்கும் சட்டமன்ற உறுப்பினர் வந்துகொண்டே இருந்தார். “ஒய்.பி. தாமான்ல திரும்பிட்டாரு” என்றார் சேது ஒலிபெருக்கியில். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஒரு பாட்டுப் பாடினார்கள். “ஒய்.பி. பாலத்துகிட்ட வந்துட்டாரு.” அதே பிள்ளைகள் அதே பாட்டை மறுபடியும் பாடினார்கள். பதினொன்று பத்துக்குக் கயிறு முதல் தடவை இழுபட்டது. பல்லைக் கடித்து முட்டியை முட்டியோடு சேர்த்து உட்கார்ந்தார். அது கொஞ்சம் விட்டது. இப்படி விட்டால் அடுத்த தடவை விடாது என்பது அவருக்குத் தெரியும்.

“சேது, ஒரு நிமிசம் கீழ போயிட்டு வந்துரட்டா?”

“ஐயோ அண்ணே, வாசல்ல காரு நிக்குதுங்கறாங்க. அவரு உள்ள வர்றப்ப விஞ்ஞானி சோபாவுல இல்லன்னா நல்லாருக்குமா? ரெண்டே நிமிசம் லா!”

வாசலில் நின்ற கார் உறுப்பினருடையது அல்ல, அவருடைய உதவியாளருடையது. உறுப்பினருக்கு வேறோர் அவசரமாம். உதவியாளர் மேடையேறிப் பொன்னாடை போர்த்தி, ரோஜா மாலை போட்டு, தன் தலைவர் ஈஜோக் வட்டாரத்தில் வெட்டிய சாக்கடைகளைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். ஒவ்வொரு சாக்கடையிலும் தண்ணீர் தடையில்லாமல் ஓடுவதாகச் சொன்னார். கார்த்திகேசு எண்ணிக்கொண்டிருந்தார். முப்பது. நாற்பது. நூற்றுப் பத்து. நெற்றியிலிருந்து வேர்வை மாலைக்குள் சொட்டியது. முன்வரிசையில் பிரேமலா இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேது ஒலிபெருக்கியை வாங்கி, “எத்தனையோ பேருடைய இருதயத்தை இன்று ஓடவைத்துக்கொண்டிருக்கும் நமது விஞ்ஞானி அவர்கள் இப்போது ஏற்புரை...” என்று இழுத்தார்.

கயிறு அறுந்தது.

முதலில் சூடு. அதற்குப் பிறகுதான் குளிர். கார்த்திகேசு தலையைக் குனிந்து காலடியைப் பார்த்தார். அங்கே யாரும் மண்டியிட்டிருக்கவில்லை. மேடைக் கம்பளமும், அதில் உதிர்ந்த ரோஜா இதழ்களும்தான் இருந்தன. பட்டின் மேல் ஈரம் வெற்றிலை அளவுக்கு வந்து, பழைய பழுப்புக் கோடுகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மேஜைமேல் தம்ளர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. டிஷ்யூவை எடுத்தார். தம்ளரைத் தூக்கினார். குடிக்கப் போகிறார் என்று நினைத்துக் கூட்டம் காத்திருந்தது. அதை மடிக்கு நேராகக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். முன்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. பிரேமலா போத்தலைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு மேடைப்படியில் வேகமாக ஏறிக்கொண்டிருந்தாள். முகம் அப்படியே அண்ணன் முகம்.

கார்த்திகேசு தம்ளரை மேஜைமேல் திருப்பி வைத்தார். உள்ளங்கையை மகளுக்கு நேரே உயர்த்தினார். நில் என்றது கை. அவள் இரண்டாம் படியில் நின்றாள்.

மாலையைக் கழற்றிச் சோபாவில் வைத்தார், பொன்னாடையையும் அதன்மேல் வைத்தார், எழுந்து நின்றார். மண்டபத்தின் சலசலப்பு முன்னாலிருந்து பின்னாலாக, வரிசை வரிசையாக அணைந்தது. படமெடுக்கத் தூக்கிய செல்போன்கள் அந்தரத்தில் நின்றன. சேதுவின் பார்வை வேட்டிக்குப் போய், அங்கிருந்து தப்பிக்க வழி தெரியாமல் கூரைக்குப் போனது. நடந்துபோய் அவர் கையிலிருந்து ஒலிபெருக்கியை வாங்கினார் கார்த்திகேசு. அது ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது. இன்னொரு கை சட்டைப்பைக்குள் போய் நான்காக மடித்த காகிதத்தைத் தேடிப் பிடித்தது.

“சேது,” என்றார். “மொதல்ல அந்த இருதயப் படத்த எறக்கு.”

பிரேமலா திறந்த போத்தலைப் பிடித்தபடி படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். மேஜையில் தம்ளர் விளிம்பு வரைக்கும் நிறைந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் இருந்தது. மேலே சுழன்ற விசிறியின் காற்றில் அந்தத் தண்ணீர் மட்டும் விட்டுவிட்டு நடுங்கியது.